காணா நட்பும் மெய்ச்சந்திப்பும்: கொரிய, பிலிப்பைன்ஸ் திரைக்கதைகளை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

முகம் அறியாத இருவர் எழுத்தால் பழகிப் பின்னர் நேரில் சந்திப்பது ஆசியத் திரைக்கதைகளில் பலமுறை எடுத்தாளப்பட்டுள்ள கதைக்கூறு ஆகும். தமிழில் அகத்தியன் இயக்கிய காதல் கோட்டை (1996) அஞ்சலை ஊடகமாகக் கொண்டு இக்கதைக்கூறினை அமைத்தது. கதிர் இயக்கிய காதலர் தினம் (1999) இணைய அரட்டையை அதற்குக் களமாக்கியது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட 1997ஆம் ஆண்டில் தென்கொரியாவில் வெளிவந்த ஜொப்சொக் என்னும் திரைப்படம், தொலைபேசிக் கம்பிவழி இயங்கிய கணினி அரட்டையை முன்னிறுத்திப் பெரும் வரவேற்பினைப் பெற்றது. 'ஜொப்சொக்' என்னும் கொரியச் சொல் இணைப்பு, தொடர்பு எனப் பொருள்படும்.

இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2020இல், பெருந்தொற்று ஊரடங்கின்போது பிலிப்பைன்ஸில் உருவான கேம்பாய்ஸ் என்னும் இணையத் தொடர் இதே கதைக்கூறினை இரண்டு ஆண்களுக்கு இடையிலான காதலாக அமைத்தது. இத்தொடர் 'பாய்ஸ் லவ்' எனப்படும் வகைமையைச் சார்ந்தது. இவ்வகைமை இன்று தென்கொரியாவில் ஆண்டுதோறும் பல தொடர்களை ஈன்று வருகின்றது. இந்தியப் பல்கலைக்கழக மாணவரிடையே கொரியத் தொடர்களுக்கு உள்ள செல்வாக்கு யாவரும் அறிந்ததே. மணிப்பூரில் 2000ஆம் ஆண்டில் இந்தித் திரைப்படங்களுக்குத் தீவிரவாத அமைப்பு ஒன்று தடைவிதித்ததைத் தொடர்ந்து கொரிய ஒளிபரப்புகள் அங்கு வேரூன்றின என்பதும் நினைக்கத்தக்கது. தமிழ்த் திறனாய்வு இத்தகைய படைப்புகளைப் பொழுதுபோக்கு என ஒதுக்குவது எளிது. அவற்றை அளப்பதற்குத் தமிழ்ப் பொருளிலக்கணத்தில் கருவிகள் உண்டா என வினவுவதே பயனுடையது. அவ்வினாவிற்கு விடைகாண இக்கட்டுரை முயல்கின்றது.

காணா நட்பு என்னும் மரபு

காணாமலே கெழுமிய நட்பிற்குத் தமிழ் மரபு காட்டும் சான்று கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் நட்பாகும். உறையூரில் இருந்த சோழனும் பாண்டிநாட்டுப் பிசிர் என்னும் ஊரினரான ஆந்தையாரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. சோழன் தன் மக்களோடு ஏற்பட்ட பகையால் வடக்கிருந்தபோது, தன் நண்பர் வருவார் என உறுதியாகக் கூறி அவருக்கும் ஓர் இடத்தை ஒழித்துவைக்கச் செய்தான். ஆந்தையாரும் வந்தார், உடன் வடக்கிருந்தார். இந்நிகழ்வைப் பொத்தியார் உள்ளிட்ட புலவர்கள் வியந்து பாடிய பாடல்கள் புறநானூற்றில் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. நட்பிற்குப் புணர்ச்சியும் பழகுதலும் வேண்டா, உணர்ச்சியொப்பே போதும் என்னும் குறட்கருத்திற்குப் பரிமேலழகர் இவ்விருவரையே எடுத்துக்காட்டாகக் கொண்டார்.

இந்நிகழ்வில் பெரிதும் பேசப்படாத ஒரு கூறு உண்டு. புறநானூற்று 216ஆம் பாடலில், ஆந்தையார் தம் பெயரைச் சொல்ல நேரும்போது தம்மைச் சோழன் என்றே கூறிக்கொள்வார் எனக் கோப்பெருஞ்சோழன் குறிப்பிடுகின்றான். காணாத நண்பனின் பெயரைத் தன் பெயராக ஏற்றல் என்பது இங்கு அமைகின்றது. ஒருவரை முகத்தால் அறியாத நிலையில் பெயரே அவரது முழு இருப்பாகி விடுகின்றது. அப்பெயரை ஏற்பது அவரையே ஏற்பதாகின்றது. புனைபெயரால் மட்டுமே ஒருவரை ஒருவர் அறியும் இணைய அரட்டையின் உளவியலை விளங்கிக்கொள்ள இக்கூறு துணைசெய்கின்றது.

இம்மரபில் மூன்று நிலைகளைப் பிரித்தறியலாம். முதலாவது, காணாமலே பெயரின் வழி உறவு கொள்ளுதல். இரண்டாவது, வருவாரா வாரார் கொல் எனச் சூழ இருப்போர் ஐயுறுதல். மூன்றாவது, மெய்யாக வந்து உடனிருத்தல். இம்மூன்றையும் கீழ்வரும் ஆய்விற்கு அளவுகோல்களாகக் கொள்ளலாம்.

எழுத்தும் முகமும்

ஜொப்சொக், சாங் யூன்-ஹியூன் இயக்கிய திரைப்படமாகும். வானொலி நிகழ்ச்சித் தயாரிப்பாளனான தோங்-ஹியூனாக ஹான் சுக்-கியூவும், தொலைபேசி வழிப் பொருள் விற்கும் நிறுவனப் பணியாளரான சூ-ஹியூனாக ஜியோன் தோ-யோனும் நடித்தனர். பின்னாளில், 2007இல், கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான விருதினைப் பெற்ற ஜியோன் தோ-யோனுக்கு இதுவே முதல் திரைப்படம். கதைத்தலைவன் தன்னைப் பிரிந்து சென்ற பழைய காதலியை மறக்க இயலாதவன். கதைத்தலைவி தன் தோழியின் காதலனை ஒருதலையாக விரும்புபவள். வானொலியில் ஒலித்த ஓர் ஆங்கிலப் பாடலை மீண்டும் கேட்க விரும்பி அவள் கணினிவழி அனுப்பும் வேண்டுகோள், அப்பாடலோடு தொடர்புடைய தன் பழைய காதலியைப் பற்றிய செய்தி அவளிடம் இருக்கக்கூடும் என்னும் எண்ணத்தை அவனிடம் எழுப்புகின்றது. உறவு இவ்வாறு ஒரு தவறான எதிர்பார்ப்பில் தொடங்குகின்றது.

இருவரும் கொள்ளும் பயனர்பெயர்கள் கருத்தூன்றி நோக்கத்தக்கவை. அவன் 'இன்பமுடிவு' எனப் பொருள்படும் பெயரை உடையவன். அவன் வாழ்வில் அது வாய்க்கவில்லை. அவள் 'பெண் 2' என்னும் பெயரினள். நாடகப் பாத்திரப் பட்டியலில் பெயர் பெறாத துணைப்பாத்திரங்களைக் குறிக்கும் முறையை இது நினைவூட்டுகின்றது. தன் வாழ்விலேயே தான் தலைவி அல்லள் என்னும் தன்மதிப்பீட்டை அவள் ஒரு பெயராகச் சுருக்கி வைத்துள்ளாள். புனைபெயர் மறைப்பதற்கு உரியது என்பது பொதுவான எண்ணம். இங்கோ இயற்பெயர் சொல்லாத உண்மையைப் புனைபெயரே சொல்லிவிடுகின்றது.

இத்திரைப்படத்தின் அரட்டைக் காட்சிகளில் முகம் இல்லை. எழுத்து மட்டுமே உண்டு. இருவரும் நகரில் ஒருவரை ஒருவர் அறியாமல் கடந்து செல்லும் காட்சிகளை இயக்குநர் இடையிடையே வைக்கின்றார். இசைத்தட்டுக் கடையின் குறுகிய படிக்கட்டில் ஒருவர் ஏற ஒருவர் இறங்கும் காட்சி அவற்றுள் குறிப்பிடத்தக்கது. உடல்கள் அருகிருந்தும் அறியாமை நீடிக்கின்றது; எழுத்துகள் தொலைவிலிருந்தும் அறிதல் வளர்கின்றது. காண்பவர் இருவரையும் அறிவர், பாத்திரங்கள் அறியார். இவ்வறிவு வேறுபாடே படத்தின் சுவைக்கு அடிப்படையாகின்றது. சோல் நகரின் ஜோங்னோ பகுதியிலுள்ள பிக்காடிலி திரையரங்கின் முன் நிகழும் இறுதிச் சந்திப்பில்தான் பெயரும் முகமும் ஒன்றுசேர்கின்றன. அதற்குப் பின் என்ன நிகழ்ந்தது என்பதைப் படம் கூறவில்லை. காட்சி என்னும் முதல் நிலையையே முடிவாக்கி நின்றுவிடுகின்றது. தொல்காப்பியக் களவொழுக்கத்தில் எது தொடக்கமோ அது இங்கு இறுதியாகின்றது.

காதல் கோட்டையின் இறுதியிலும் இதே தலைகீழாக்கம் உண்டு. அங்குத் தலைவி பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டை தலைவனை அடையாளம் காட்டியது. கொரியப் படத்தில் அத்தகைய பருப்பொருள் அடையாளத்தைக் காட்டிலும், வரத் துணிவதா, வாராது விடுவதா என்னும் மனப்போராட்டமே முதன்மை பெறுகின்றது. தமிழ்ப்படத்தின் தடை புறநிகழ்வுகளால் அமைய, கொரியப் படத்தின் தடை தலைவனின் அகத்தில் அமைகின்றது.

முகமும் மெய்யும்

கேம்பாய்ஸ் தொடர் 2020 மே 22 அன்று யூடியூபில் வெளிவரத் தொடங்கிப் பதின்மூன்று பகுதிகளாக அமைந்தது. ஆஷ் மலானம் எழுத, ஐவன் ஆண்ட்ரூ பயவால் இயக்கினார். லூசோன் தீவு முழுவதும் 2020 மார்ச் முதல் கடும் ஊரடங்கில் இருந்தமையால் நடிகர்கள் தத்தம் இல்லங்களிலிருந்தே நடித்தனர். இயக்குநர் தொலைவிலிருந்து நெறிப்படுத்தினார். கணினித் திரை, கைப்பேசித் திரை ஆகியவற்றில் தோன்றுவனவே தொடரின் காட்சிச் சட்டகமாயின. உற்பத்தி நிலையின் கட்டாயம் இங்குக் கலைவடிவமாக மாறியுள்ளது. இத்தொடர் 2021இல் குறுவடிவத் தொடர்களுக்கான பன்னாட்டு எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

இணைய விளையாட்டு ஆடி நேரலையில் புகழ்பெற்ற கைரோ (எலைஜா கன்லாஸ்), 'ஏஞ்சல்2000' என்னும் பயனர்பெயருடைய ஒருவனிடம் தோற்கின்றான். அப்பெயருக்குரியவன் கேவ்ரியல் (கோகோய் டி சாண்டோஸ்). மறுபோட்டி வேண்டும் கைரோவிடம் கேவ்ரியல் தன் விருப்பத்தை மறைக்காமல் வெளிப்படுத்துகின்றான். பகையாகத் தொடங்கிய தொடர்பு நட்பாகிக் காதலாகின்றது. இதற்கிடையே கைரோவின் தந்தை பெருந்தொற்றுக்கு ஆளாகி மருத்துவமனையில் இருக்கின்றார். அந்நோய்க்குத் தானே காரணம் என்னும் குற்றவுணர்வு கைரோவை அழுத்துகின்றது. தந்தை இறக்கின்றார். இறுதிச் சடங்கிற்கும் கூடமுடியாத காலத்தில் துயர் துடைக்கும் நண்பன் திரைக்குள் மட்டுமே இருக்கின்றான்.

ஜொப்சொக்கோடு ஒப்பிடும்போது தோன்றும் முதன்மையான வேறுபாடு முகத்தின் நிலையாகும். கேம்பாய்ஸில் முகம் முதற்பகுதியிலேயே காணப்பட்டு விடுகின்றது. இருவரும் நாள்தோறும் ஒருவரை ஒருவர் பார்க்கின்றனர். உறங்கும்போதும் அழைப்பைத் துண்டிக்காதிருக்கும் அளவிற்கு நெருங்குகின்றனர். ஆகவே, காணாமை என்பது இங்குக் கண்ணின் குறை அன்று; தீண்டாமையின் குறை, அதாவது மெய் மெய்யைத் தொடமுடியாமை. களவியலில் தொல்காப்பியர் குறிக்கும் 'மெய்தொட்டுப் பயிறல்' என்பதே இத்தொடரில் ஒத்திவைக்கப்படுகின்றது. காட்சியும் ஐயமும் துணிவும் குறிப்பறிதலும் திரைவழியே முற்றுப்பெற்று விடுகின்றன. மெய்யுறல் ஒன்றே எஞ்சுகின்றது. தொழில்நுட்பம் வளர வளரச் சந்திப்பு பொருளிழக்கும் எனக் கருதுவோருக்கு இத்தொடர் மறுப்பாக அமைகின்றது. முகம் எளிதானபோது மெய் அரிதாகின்றது. காணாமையின் எல்லை நகர்கின்றதேயன்றி மறைவதில்லை.

'ஐயம்' என்னும் நிலையும் இங்குப் புதுப்பொருள் பெறுகின்றது. தெய்வமகளோ மானிடமகளோ என்பது பழந்தலைவனின் ஐயம். திரையில் காண்பவன் திரைக்கு வெளியிலும் இவனேயோ என்பது இக்காலத் தலைவனின் ஐயம். கேவ்ரியலின் முன்னாள் தோழி பேர்ல், கைரோவின் கடந்தகாலத்தைச் சார்ந்த டெரன்ஸ் ஆகியோர் கதைக்குள் வருவது இவ்வையத்தை வளர்ப்பதற்கே. ஒவ்வொருவரின் வரவும், திரைச்சட்டகத்திற்கு வெளியே இவர்களுக்கு வேறொரு வாழ்வு உண்டு என்பதை நினைவுறுத்துகின்றது.

தொடர் தன் இறுதிக்கு ஒத்திவைக்கும் கூடல், வடக்கிருத்தல் நிகழ்வைப் போலவே, இறப்பின் நிழலில் அமைவது என்பது குறிப்பிடத்தக்கது. நண்பன் செல்வக்காலத்தில் வாராவிடினும் அல்லற்காலத்தில் வாராதிரான் என்னும் கோப்பெருஞ்சோழனின் நம்பிக்கைக்கு நிகரான நம்பிக்கையைக் கைரோ கேவ்ரியலிடம் வைக்கின்றான். வருதல் என்னும் செயலே அங்கும் இங்கும் நட்பின் உரைகல்லாகின்றது.

அலர் இல்லாக் களவு

பாய்ஸ் லவ் வகைமையின் பொதுவியல்பு ஒன்றை இங்கு ஆராய்தல் வேண்டும். 1970களில் ஜப்பானியப் பெண் ஓவியக்கதைப் படைப்பாளரான ஹாகியோ மோட்டோ, டாக்கெமியா கெய்கோ முதலியோரிடமிருந்து தோன்றிய மரபின் வழிவந்தது இவ்வகைமை. பெண்களால் பெரும்பாலும் பெண்களுக்காகப் படைக்கப்பட்டது. தாய்லாந்தில் 2014 முதல் தொலைக்காட்சித் தொடர்களாக வளர்ந்தது. தென்கொரியாவில் 2020க்குப் பின் பெருகியது. 2022இல் வாட்சா தளத்தில் எட்டுப் பகுதிகளாக வெளிவந்த செமான்டிக் எரர் அங்குப் பெரும் வெற்றி பெற்றது.

செமான்டிக் எரர் தொடரின் தொடக்க முரணும் பெயரைப் பற்றியதே. கணினியியல் மாணவனான சாங்-வூ, குழுப்பணியில் பங்கேற்காதவர்களின் பெயர்களை அறிக்கையிலிருந்து நீக்கிவிடுகின்றான். அதனால் பட்டம் பெற இயலாமற்போன ஜே-யங் அவனைத் தேடி வருகின்றான். பெயரால் மட்டும் அறியப்பட்டவன் நேரில் வந்து நிற்கும் கட்டமைப்பு இங்கும் உண்டு. விதிகளை வழுவாது போற்றும் ஒருவனின் ஒழுங்கில் காதல் ஒரு பிழையாக நுழைவதை இத்தொடர் நகைச்சுவையும் நுட்பமும் பொருந்தக் காட்டுகின்றது.

ஆயினும், இத்தகைய கொரியத் தொடர்கள் பலவற்றில் ஒன்று காணப்படவில்லை. அது அலர். பெற்றோர் எதிர்ப்பதில்லை; ஊர் பேசுவதில்லை; சட்டம் குறுக்கிடுவதில்லை. இரு ஆண்களின் காதலுக்குத் தடையாக நிற்பது அவர்தம் தயக்கமோ பிணக்கோ மட்டுமே. தமிழ் அகமரபில் அம்பலும் அலரும் களவினை வெளிப்படுத்தி வரைவினை நோக்கிச் செலுத்தும் ஆற்றல்களாகும். அலர் வருத்துவது, எனினும் அதுவே காதலுக்குச் சமூக இடத்தைத் தேடித்தருவது. அலரறிவுறுத்தல் எனத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தமை இதனாலேயே.

கொரியத் தொடர்களில் அலர் இல்லாமைக்குக் காரணம் யாது? கனவுலகை விரும்பும் சுவைஞரின் தேவை என்பது வழக்கமாகக் கூறப்படும் விடை. அது முழுமையான விடை அன்று. களவு, அலர், வரைவு என்னும் தொடர்ச்சியில் இறுதிக்கண்ணி அறுபட்டிருப்பின் நடுக்கண்ணிக்குப் பயன் இல்லை. தென்கொரியச் சட்டம் தன்பால் இணையரின் திருமணத்தை ஏற்கவில்லை. படைவீரரிடையே தன்பால் உறவைத் தண்டிக்கும் படைத்துறைச் சட்டப்பிரிவை அரசமைப்பு நீதிமன்றம் 2023இல் செல்லும் என உறுதிசெய்தது. 2024 ஜூலையில் உச்சநீதிமன்றம் மருத்துவக் காப்பீட்டில் மட்டும் தன்பால் இணையருக்கு உரிமை வழங்கியது. வரைவுக்கு வாயில் இல்லாத இடத்தில் அலர் துன்பமாக மட்டுமே முடியும். எனவே, இன்பமுடிவை வேண்டும் கதை அலரையே நீக்கிவிடுகின்றது. சமூகத்தைக் கதையிலிருந்து வெளியேற்றியே காதலை வாழவைக்கின்றது. இது கலைக்குறைபாடு மட்டும் அன்று. ஒரு சமூகநிலையின் அறிகுறியும் ஆகும்.

கதைக்குள் இடம்பெறாத அலர் கதைக்கு வெளியே எழுந்ததற்குச் சான்று உண்டு. பாக் சாங்-யங்கின் புதினத்தைத் தழுவி 2024 அக்டோபரில் வெளிவந்த லவ் இன் த பிக் சிட்டி தொடர் இவ்வகைமையின் இனிமைப் போக்கினின்று விலகி, நோயையும் தாயின் மறுப்பையும் நேர்நின்று பேசியது. வெளியீட்டிற்கு முன்பே பழமைவாத அமைப்புகள் அதற்கு எதிராகப் போராடின. முன்னோட்டக் காட்சிகள் இணையத்திலிருந்து நீக்கப்பட்டன. அலரைக் கதைக்குள் அனுமதித்த படைப்பே புறத்திலும் அலருக்கு ஆளாயிற்று.

கேம்பாய்ஸ் இவ்விரு போக்குகளுக்கும் இடைப்பட்டது. பிலிப்பைன்ஸிலும் தன்பால் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு இல்லை. பாலியல் நாட்டத்தின் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமுன்வரைவு 2000ஆம் ஆண்டில் முதன்முதலாக முன்வைக்கப்பட்டு நெடுங்காலம் நிறைவேறாது கிடந்தது. எனினும் இத்தொடரில் குடும்பம் உண்டு, இறப்பு உண்டு, நாட்டின் ஊரடங்கு உண்டு. அறைக்குள் அடைபட்ட அகக்கதையில் புறம் நோயின் வடிவில் நுழைகின்றது. வகைமையின் இனிமையை இழக்காமல் அதன் வெறுமையை நிரப்பியதே இத்தொடரின் சிறப்பு எனலாம். இடைப்பகுதிகளில் தோன்றும் பொறாமைக் காட்சிகள் நீளமாகவும் எதிர்பார்க்கத்தக்கனவாகவும் அமைந்து அதன் செறிவைக் குறைக்கின்றன என்பதையும் சுட்டுதல் வேண்டும்.

ஒப்புமையின் எல்லை

பிசிராந்தையாரை இக்கதைகளோடு ஒப்பிடுவது இருவகைத் தவறுகளுக்கு இடமளிக்கக்கூடும். ஒன்று, சங்ககால நட்பினைத் தன்பால் காதல் எனப் பொருள்கொள்வது. அதற்குப் பாடல்களில் சான்று இல்லை. அந்நட்பு, புரவலன் புலவன் உறவும் வடக்கிருத்தல் என்னும் அறமும் சார்ந்தது. அதனை அதன் திணையிலும் துறையிலும் வைத்தே காணல் வேண்டும். மற்றொன்று, தன்பால் காதலைத் தூய நட்பு எனப் பெயர்மாற்றி, அதன் காதற்பகுதியை மறைப்பது. கேம்பாய்ஸின் மாந்தர் தம்மை நண்பர் என்று மட்டும் கூறிக்கொள்ளவில்லை. அவர்கள் கூறாததைத் திறனாய்வாளர் அவர்கள்மேல் ஏற்றுவதும், கூறியதை மறைப்பதும் ஒருங்கே பிழையாகும்.

ஒப்புமை அமைவது கட்டமைப்பில். உறவின் வகையில் அன்று. காணாமை, பெயரேற்றல், ஐயம், வருதல் ஆகிய நான்கும் இரண்டிற்கும் பொது. அன்பின் வகை வேறு. களவியலின் கலைச்சொற்கள் ஆண், பெண் தலைமக்களுக்காக வகுக்கப்பட்டவை என்பது உண்மை. தொல்காப்பியர் வகுத்த கைகோளில் இரு ஆடவர் காதலுக்கு இடம் கூறப்படவில்லை என்பதும் உண்மை. ஆனால், காட்சி, ஐயம், அலர், வரைவு என்பன மனமும் சமூகமும் இயங்கும் முறையைக் குறிக்கும் சொற்கள். இலக்கணம் எதிர்பாராத வாழ்வை அதே இலக்கணத்தால் விளக்க முடிவது அவ்விலக்கணத்தின் ஆழத்திற்குச் சான்றாகும். அதற்கு நேரும் இழுக்கு அன்று. இந்திய உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தன்பால் உறவைக் குற்றமன்று எனத் தீர்ப்பளித்த பின்னரும், 2023இல் அதே நீதிமன்றம் தன்பால் திருமணத்திற்குச் சட்டஏற்பு அளிக்க மறுத்தது. களவுக்கு இசைவும் வரைவுக்கு மறுப்பும் என்னும் இந்நிலை கொரியாவிற்கு மட்டும் உரியதன்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. காணா நட்புக் கதைகளில் புனைபெயர் மறைப்பிற்கு மட்டும் பயன்படாது, மாந்தரின் அகத்தை வெளிப்படுத்தும் கருவியாகவும் அமைகின்றது. ஜொப்சொக்கில் ஒத்திவைக்கப்படுவது முகம். கேம்பாய்ஸில் ஒத்திவைக்கப்படுவது மெய்யுறல். ஊடகம் மாறும்போது காணாமையின் எல்லை மாறுகின்றது. வருதலின் மதிப்பு மாறவில்லை. கொரியப் பாய்ஸ் லவ் தொடர்கள் பலவற்றில் அலர் இல்லாமை, வரைவுக்கு வாயில் இல்லாமையின் விளைவாகும். புறத்தை உள்ளே வரவிட்ட படைப்புகளே இவ்வகைமையில் வலிமை பெறுகின்றன.

வடக்கிருந்த சோழன் தன் அருகில் ஓர் இடத்தை ஒழித்துவைத்தான். வந்தவர் அவ்விடத்தில் அமர்ந்தார். இக்காலக் கதைகளில் நண்பர் வந்துசேர்கின்றனர். அவர்கள் அமர்வதற்குரிய இடத்தைச் சமூகம் இன்னும் முழுமையாக ஒழித்துத் தரவில்லை. அவ்விடம் குறித்த வினாவை எழுப்பும் அளவிற்கு இப்படைப்புகள் தமிழ்த் திறனாய்வின் கவனத்திற்கு உரியனவாகின்றன.